படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா?

என் அக்கா கணக்கு டீச்சர். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு இரண்டாவது மாடியில் இருந்தது. மொத்தம் 42 படிகள். கணக்கு டீச்சர் என்பதால் எண்ணினாள் என்று நினைக்காதீர்கள். சௌக்கியமாக இருக்கிறவர்கள் யாரும் படிகளை எண்ணிக்கொண்டு ஏறுவதில்லை. 15-ஆவது படியில் ஒரு தடவை நின்று, புடவைத் தலைப்பைச் சரி செய்துகொள்கிற பாவனையில் மூச்சு வாங்கிக்கொள்வாள். 30-ஆவது படியில் ஒரு ஜன்னல். அங்கே நின்று, மைதானத்தில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கிற பாவனை. வகுப்புக்குள் நுழைந்த பிறகு, கரும்பலகையில் தேதி எழுதும் சாக்கில் இன்னும் சற்று நேரம் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

அப்போது அவளுக்கு வயது 36.

முதலில் பார்த்த டாக்டர் சோகை என்றார். ஆறு மாதம் இரும்புச் சத்து மாத்திரையும் பேரீச்சம்பழமுமாகப் போயிற்று. இரண்டாமவர் ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று உறிஞ்சும் மருந்து ஒன்றைக் கொடுத்தார். மூன்றாமவர் நாடியைப் பிடித்துப் பார்த்து, கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தமும் பார்த்து, "110-க்கு 70. பிரமாதமாக இருக்கிறது. வீட்டில் ஏதாவது மனக் கஷ்டமா?" என்று விசாரித்தார். எங்கள் அம்மாவுக்கோ டாக்டர்களே தேவைப்படவில்லை. "உடம்பு போட்டுட்டேடி, அதான் இரைக்கிறது. நெய்யைக் குறை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

இப்படியாக இரண்டு வருஷமும் நாலு மாதமும் கழிந்தன. ஒரு நாள் காலை, ஜன்னல் இருந்த அந்த 30-ஆவது படியில் அக்கா மயங்கி விழுந்தாள்.

அன்று பார்த்த லேடி டாக்டர் அவளுடைய கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது, மெள்ள மெள்ளத்தான் நிரம்பியது. கழுத்தைப் பார்த்தார். ரத்த நாளம் புடைத்திருந்தது. உடனே இருதயத்துக்கு 'எக்கோ' எடுக்கச் சொன்னார். நோயின் பெயர் எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது: நுரையீரல் ரத்த அழுத்தம்.

"அழுத்தம்தான் நன்றாக இருக்கிறது என்றார்களே?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு டாக்டர் சொன்ன பதிலும், அதைத் தொடர்ந்து நான் பல மாதங்கள் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டவையும்தான் இந்தக் கட்டுரை.

நம் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் இரண்டு. இருதயம் ஒன்றுதான், ஆனால் அது இரட்டைக் குடித்தனம். இடது பக்கத்துக் குடித்தனக்காரர், உச்சந்தலையிலிருந்து கால் கட்டை விரல் வரை ரத்தத்தை அனுப்புகிறவர். கையில் பட்டை கட்டிப் பார்ப்பது அவருடைய அழுத்தத்தை. 120-க்கு 80 என்று எல்லோருக்கும் மனப்பாடமான கணக்கு அது. வலது பக்கத்துக்காரர் அழுக்கான ரத்தத்தை வாங்கி, பக்கத்திலேயே இருக்கிற நுரையீரலுக்கு மட்டும் அனுப்புகிறார். நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இருவருமே தள்ளுகிறார்கள். ஆனால் வலது பக்கத்தின் அழுத்தம் 25-க்கு 10-ஐ ஒட்டித்தான் இருக்கும். சராசரி எடுத்தால் 14 மில்லிமீட்டர். அதனால் வலது அறையின் சுவரும் மெலிசு. இடது பக்கத்துச் சுவரில் மூன்றில் ஒரு பங்கு தடிமன்தான். அடுத்த தெருவுக்குத் தண்ணீர் கொண்டுபோக யாராவது பெரிய மோட்டார் வைப்பார்களா?

இந்தச் சராசரி 20-ஐத் தாண்டினால் நோய் என்று இப்போது வரையறுத்திருக்கிறார்கள். முன்பு 25 என்று இருந்தது. 2018-ல் உலக நிபுணர்கள் கூடிக் குறைத்தார்கள். என் அக்காவுக்கு 80-க்கு 35, சராசரி 50.

கையில் பட்டை கட்டி இதை அளக்க முடியாது. எக்கோவில் உத்தேசமாகத் தெரியும். நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால், ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழல் ஒன்றைச் செலுத்தி, இருதயத்தின் வலது அறைகளைக் கடந்து நுரையீரல் தமனிக்குள்ளேயே போய் அளக்க வேண்டும். கேட்கவே பயமாக இருக்கிறது, அல்லவா? இதை முதன் முதலில் செய்தவர் தம் மேலேயே செய்துகொண்டார். 1929-ல் ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் இருந்தார். மேலதிகாரி கூடாது என்று தடுத்துவிட்டார். ஆயுதங்கள் இருந்த அலமாரியின் சாவியோ ஒரு நர்ஸம்மாள் கையில். "என் மேல் செய்து பாருங்கள்" என்று அந்த அம்மாள் துணிந்து சொன்னாள். ஃபோர்ஸ்மன் அவளை மேஜையில் படுக்க வைத்துக் கட்டிப் போட்டுவிட்டு, தம் இடது முழங்கை ரத்த நாளத்தில் குழலைச் செருகிக்கொண்டார்! பிறகு கட்டை அவிழ்த்துவிட்டு, இருவருமாக எக்ஸ்-ரே அறைக்குப் போய், குழலின் நுனி இருதயத்துக்குள் இருப்பதைப் படம் எடுத்தார்கள். பட்ட திட்டு கொஞ்சமல்ல. 27 வருஷம் கழித்து, 1956-ல், அந்தக் குழலை நோயறியும் கருவியாக வளர்த்தெடுத்த கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்ற இரு நிபுணர்களோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அக்காவுக்கு அந்தப் பரிசோதனை முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. "ஊசி போட்ட மாதிரிதான் இருந்தது. குளிர்தான் தாங்கலை" என்றாள்.

பரிசோதனை முடிந்ததும் டாக்டர் ஒரு காகிதத்தைக் காட்டினார். அதில் அழுத்தக் கணக்குகளுக்குக் கீழே இன்னொரு சின்ன எண்ணும் இருந்தது. குழாய்களின் அழுத்தம் 1 மில்லிமீட்டர் ஏறும்போது, அவை எத்தனை மில்லிலிட்டர் ரத்தத்துக்கு இடம் கொடுத்து விரிகின்றன என்ற கணக்கு. ஆரோக்கியமான நுரையீரலுக்கு இது 4-ஐ ஒட்டி இருக்கும். அக்காவுக்கு 1-ஐச் சற்றே தாண்டியிருந்தது.

"குழாய் சுருங்கிப் போனது பாதி விஷயம்தான். விறைத்துப் போனது மறுபாதி" என்றார் டாக்டர்.

எனக்கு இது புதிதாக இருந்தது. ரத்தக் குழாய் வியாதி என்றால் 'அடைப்பு' என்றுதானே நாம் எல்லோரும் நினைக்கிறோம்? சமையலறைத் தொட்டிக் குழாய் மாதிரி, உள்ளே ஏதோ சேர்ந்து வழி குறுகிவிடுகிறது என்ற எண்ணம். அது வாஸ்தவம்தான். ஆனால் ரத்தம் தொட்டித் தண்ணீர் மாதிரி ஒரே சீராக ஓடுவதில்லை. இருதயம் அதை விட்டு விட்டுத் தள்ளுகிறது. ஒரு துடிப்பு, ஓர் ஓய்வு. மறுபடி ஒரு துடிப்பு. அடிகுழாயில் தண்ணீர் அடித்தவர்களுக்குத் தெரியும்: கையை அழுத்தினால் குபுக்கென்று வரும், தூக்கினால் நின்றுவிடும். நம்முடைய நுண்ணிய ரத்தக் குழாய்களில் மட்டும் ரத்தம் எப்படி நிற்காமல் ஓடுகிறது?

இதற்கு விடை சொன்னவர் டாக்டர் அல்ல, ஒரு பாதிரியார். இங்கிலாந்தில் டெடிங்டன் என்ற ஊரின் மாதா கோயிலில் இருந்த ஸ்டீஃபன் ஹேல்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம், மற்ற நாட்களில் விஞ்ஞானம். ஒரு பெண் குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதன் மேல் நீண்ட கண்ணாடிக் குழாயை நிமிர்த்தி வைத்து, ரத்தம் 8 அடி 3 அங்குல உயரம் ஏறுவதைக் கண்டார். உலகத்தில் முதன் முதலாக ரத்த அழுத்தத்தை அளந்தது அப்போதுதான். 1733-ல் அவர் எழுதிய புத்தகத்தில் தமனிகளை அந்தக் காலத்துத் தீயணைக்கும் இயந்திரத்தோடு ஒப்பிட்டிருக்கிறார். அந்த இயந்திரத்தை ஆட்கள் கையால் அடிப்பார்கள். தண்ணீர் நேராகப் பீச்சாங்குழலுக்குப் போகாமல், காற்று அடைத்த ஒரு கலத்துக்குள் போகும். அடிக்கும்போது கலத்திலுள்ள காற்று அமுங்கி இடம் கொடுக்கும். அடிக்காத நேரத்தில் அதே காற்று விரிந்து தண்ணீரை வெளியே தள்ளும். அதனால் தண்ணீர் விட்டு விட்டு வராமல் ஒரே தாரையாக வரும். பெரிய தமனிகள் செய்வதும் இதைத்தான். இருதயம் தள்ளும்போது உப்பிக்கொள்கின்றன. அது ஓயும்போது சுருங்கி, வாங்கி வைத்ததை முன்னே அனுப்புகின்றன. அடியைத் தாங்கள் வாங்கிக்கொண்டு, ஓட்டத்தை மட்டும் மேலே அனுப்பும் பரோபகாரிகள்!

உடம்பின் மற்றப் பகுதிகளுக்கு இந்த வேலையைப் பெரும்பாலும் மகா தமனி ஒன்றே பார்த்துக்கொள்கிறது. நுரையீரலில் அப்படி இல்லை. அங்கே பிரதான தமனி சுண்டு விரல் நீளம்கூட இருக்காது. உடனே இரண்டாகப் பிரிந்து, மரக் கிளை போல மேலும் மேலும் பிரிந்து, கடைசியில் மயிரிழையினும் நுண்ணிய குழாய்களாகிவிடுகிறது. அந்த நுண்குழாய்களை எல்லாம் பிரித்து விரித்தால் 70 சதுர மீட்டர் வரும் என்கிறார்கள். பட்டணத்தில் ஒரு சின்ன ஃப்ளாட்டின் பரப்பு! இந்தக் கிளைகள் எல்லாமே நெகிழ்ந்து கொடுக்கின்றன. ஆகவே எந்தக் கிளை விறைத்தாலும் இருதயத்துக்கு அது தெரிந்துவிடும். வலது இருதயம் செய்யும் வேலையில் ஏறக்குறைய கால் பங்கு, ரத்தத்தை முன்னே நகர்த்துவதில் அல்ல, இந்த உப்பலுக்கும் சுருங்கலுக்குமே செலவாகிறது. இடது பக்கத்தில் இது பத்தில் ஒரு பங்குதான்.

சரி, தமனி ஏன் விறைக்கிறது? அதன் சுவரில் இரண்டு விதமான நூல்கள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் எலாஸ்டின், ரப்பர் மாதிரி. மற்றொன்று கொலாஜன், சணல் கயிறு மாதிரி. பைஜாமாவின் இடுப்பில் தைக்கிற எலாஸ்டிக் நாடாவைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ரப்பர் இழை. சுற்றிலும் பருத்தி நூல், சுருங்கிய நிலையில். மெதுவாக இழுத்தால் ரப்பர் நீளும். இன்னும் இழுத்தால் நூல் விறைத்துக்கொண்டு, "போதும், இதற்கு மேல் முடியாது" என்று நின்றுவிடும். தமனியும் அப்படியேதான். சாதாரண அழுத்தத்தில் ரப்பர் வேலை செய்கிறது. அழுத்தம் ஏறினால் கயிறு விறைக்கிறது. ஆகவே அழுத்தம் கூடினாலே, வேறு எந்தக் கேடும் இல்லாமலே, குழாய் கொஞ்சம் விறைப்பாகிவிடும். இது முதல் படி.

இரண்டாவது படி மோசமானது. விறைத்த நிலையிலேயே வாரக்கணக்கில் இருக்கும் சுவர், தன்னைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்து மேலும் மேலும் கயிறு திரிக்கத் தொடங்குகிறது. கொலாஜன் பெருகுகிறது. இழைக்கும் இழைக்கும் முடிச்சுப் போட்டு இறுக்குகிறது. ரப்பர் இழைகளோ அறுந்து போகின்றன. எலாஸ்டினை நம் உடம்பு பெரும்பாலும் கருவில் இருக்கும்போதும் குழந்தைப் பருவத்திலும்தான் நெய்கிறது. அறுந்ததை அதே நேர்த்தியோடு மறுபடி நெய்ய அதற்குத் தெரியாது. பாட்டி கொடுத்த பட்டுப் புடவை மாதிரி; ஒட்டுப் போடலாமே தவிரப் புதிதாக வாங்க முடியாது.

இப்போது என்ன ஆகிறது? ஸ்ப்ரிங் செத்துப்போன பஸ்ஸில் கடைசி ஸீட்டில் உட்கார்ந்து போயிருந்தால் நான் விளக்க வேண்டியதே இல்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்கும் அடி ஒவ்வொன்றும் நேராக நம் முதுகெலும்புக்கு வந்து சேரும். பெரிய தமனி நெகிழாதபோது, இருதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் குறையாத அடியாக நுண்ணிய கிளைகளுக்குப் போய்ச் சேர்கிறது. நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் அடி! அங்கே உட்புறத்தில் ஓர் அடுக்கு உயிரணுக்கள் பூப்போலப் படர்ந்திருக்கின்றன. அவை அடி தாங்காமல், சுவரைத் தடிக்க வைக்கும் ரசாயனங்களைச் சுரக்கின்றன. சுவர் தடித்தால் வழி குறுகுகிறது. வழி குறுகினால் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் பெரிய தமனி இன்னும் விறைக்கிறது. அது விறைத்தால் அடி இன்னும் பலமாகிறது. செக்கு மாடு சுற்றுகிற மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறது இந்த வினை.

மாடு என்றதும் நினைவு வருகிறது. இந்த வியாதியைப் பற்றி மனிதனுக்கு நிறையச் சொல்லிக் கொடுத்தவை மாடுகள்தான்.

அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தில் கடல் மட்டத்துக்கு 8,000 அடிக்கு மேலே விசாலமான மேய்ச்சல் நிலங்கள் உண்டு. சமவெளியிலிருந்து அங்கே ஓட்டிச் சென்ற மாடுகளில் சில, கொஞ்ச காலத்தில் சோர்ந்து, மேயாமல் நின்றன. கழுத்துக்குக் கீழே அலைதாடியும் மார்பும் நீர் கோத்து வீங்கின. பிறகு செத்து விழுந்தன. க்ளோவர், நியூஸம் என்ற இரண்டு மிருக வைத்தியர்கள் ஆராய்ந்து, இது தொற்று நோய் அல்ல, உயரத்தால் வருவது என்று 1915-ல் எழுதினார்கள். காற்றில் பிராணவாயு குறைந்தால் நுரையீரல் தமனிகள் சுருங்கும் என்பது 1946-ல் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் பூனைகளில் கண்ட உண்மை. மாட்டின் நுரையீரல் தமனிகளில் இயற்கையாகவே தசை அதிகம். ஆகவே அவை பலமாகச் சுருங்கி, வலது இருதயத்தைத் திணற அடித்துவிடுகின்றன. பிறகு கொலராடோ விஞ்ஞானிகள் பிறந்த கன்றுகளை 4,300 மீட்டர் உயரத்துக்குச் சமமான காற்றுள்ள அறையில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டே வாரத்தில் நுரையீரல் அழுத்தம் உடம்பின் அழுத்தத்தையே எட்டிவிட்டது. அந்தக் கன்றுகளின் தமனிகளை எடுத்துப் பார்த்தால் சுவரின் வெளிப்புற அடுக்கு நார் நாராகத் தடித்திருந்தது. ஆரோக்கியமான தமனி ரப்பர் குழாய் என்றால், இது தீயணைக்கும் படையின் கித்தான் குழாய்.

இதே உயரங்களில் யாக் என்கிற சடை எருமை மட்டும் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருக்கிறதே, அது எப்படி? நம் லடாக்கில் யாக்குகளையும், பசுக்களையும், இரண்டும் கலந்து பிறந்த 'ஸோ' என்ற மாடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 1986-ல் வெளியாயிற்று. யாக்கின் நுரையீரல் தமனிச் சுவர் மெலிசாகவே இருந்தது, அழுத்தமும் ஏறவில்லை. கலப்பு மாடான ஸோவும் அந்த விஷயத்தில் யாக்கையே கொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக மலையில் வாழ்ந்து, சுருங்காத குழாயைச் சொத்தாகச் சேர்த்து வைத்திருக்கிறது அந்தப் பிராணி.

மனிதன் யாக் அல்ல. இமயத்தின் பனிச் சிகரங்களில் 5,800 மீட்டருக்கு மேலே வாரக்கணக்கில் காவல் இருந்த இந்தியச் சிப்பாய்கள் 21 பேருக்குக் கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, வலது இருதயம் பெருத்துப் போனதை 1990-ல் நம் டாக்டர்கள் உலகத்துக்கு அறிவித்தார்கள். கொலராடோ மாடுகளுக்கு வந்த அதே நோய், வாலிப வயதுத் திடகாத்திர புருஷர்களுக்கு! ஆனால் இதில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. அவர்களைக் கீழே இறக்கியதும் வீக்கம் வடிந்தது; சில வாரங்களில் இருதயமும் பழைய அளவுக்கு வந்தது. சக்கரம் முழுவதும் சுற்றுவதற்கு முன் நிறுத்திவிட்டால், திரும்பி வர வழி இருக்கிறது.

குழந்தைகள் விஷயத்திலும் இதுவேதான். இருதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு, இடது பக்கத்தின் பலமான அடி முழுவதும் நுரையீரல் தமனியில் போய் விழுகிறது. சிசுப் பருவத்திலேயே அடைத்துவிட்டால் தமனிகள் தேறிவிடுகின்றன. "வளர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று வருஷக் கணக்கில் விட்டுவிட்டால், குழாய்கள் இறுகி, பிறகு ஓட்டையை அடைப்பதே ஆபத்து என்ற நிலை வந்துவிடுகிறது. குழந்தைக்கு இருதயத்தில் சத்தம் கேட்கிறது என்று டாக்டர் சொன்னால், நல்ல நாள் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

இதுவரை சொன்னதில் ஒரு சந்தேகம் எழலாம். அழுத்தம் ஏறியதால் விறைப்பு வந்ததா, விறைப்பு வந்ததால் அழுத்தம் ஏறியதா? வெகு காலம் வைத்தியர்கள் முதலாவதைத்தான் நம்பினார்கள். விறைப்பு என்பது நோய் விட்டுப் போன தழும்பு என்பது அவர்கள் அபிப்பிராயம். சமீப காலத்து ஆராய்ச்சிகள் அதை மாற்றியிருக்கின்றன. தமனியின் உயிரணுக்களை எடுத்து, ஜெல்லி போன்ற பண்டத்தின் மேல் வளர்த்துப் பார்த்தார்கள். ஜெல்லி மிருதுவாக இருந்தபோது உயிரணுக்கள் சமர்த்தாக இருந்தன. அதே உயிரணுக்களைக் கெட்டியான ஜெல்லியில் வைத்ததும், வேறு எந்த மருந்தோ விஷமோ சேர்க்காமலே, தாறுமாறாகப் பெருக ஆரம்பித்தன. மெத்தை கெட்டியாக இருப்பதே அவற்றுக்கு 'பெருகு' என்ற உத்தரவாகிவிடுகிறது. எலிகளிலும், 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அழுத்தம் பெரிதாக ஏறுவதற்கு முன்பே சிறு தமனிகள் விறைக்கத் தொடங்கிவிட்டது தெரிந்தது. மனிதர்களிலும், ஓய்வில் அழுத்தம் சரியாக இருந்து, உடம்பை அசைத்தால் மட்டும் ஏறுகிறவர்களுக்குக்கூடத் தமனி ஏற்கெனவே விறைத்திருப்பதை ஸ்கானில் கண்டிருக்கிறார்கள். பதினைந்தாவது படியில் நிற்கிற கட்டம்!

விறைப்பு எவ்வளவு என்பதைக் காந்த ஸ்கானில் பார்க்க முடிகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் தமனியின் குறுக்குப் பரப்பு எத்தனை சதவிகிதம் விரிகிறது என்று அளப்பார்கள். அது 16 சதவிகிதத்துக்கும் குறைந்துவிட்ட நோயாளிகளுக்கு ஆயுள் பயம் அதிகம் என்று ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் கண்டார்கள். அக்காவின் ஸ்கானில் என்ன வந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அத்திம்பேர் கேட்டுக்கொண்டார், என்னிடம் சொல்லவில்லை.

இந்த நோய் வரக் காரணங்கள் பல. இடது இருதயக் கோளாறால் வருவதுதான் அதிகம். நம் தேசத்தில் சிறு வயதில் மூட்டு வீக்கக் காய்ச்சல் வந்து, இருதய வால்வு சுருங்கி, அதனால் வருவதும் உண்டு. நுரையீரலில் ரத்தக் கட்டி தங்கி வருகிறது. இந்த வகை பலருக்கு ஆபரேஷனில் குணமாகும். நாட்பட்ட நுரையீரல் நோயாலும் வருகிறது. இங்கே ஓர் அம்மாளைச் சொல்லியாக வேண்டும். டாக்டர் எஸ். பத்மாவதி பர்மாவில் பிறந்தவர். யுத்த காலத்தில், 1942-ல், தாயாரோடும் சகோதரிகளோடும் கோயமுத்தூருக்கு வந்து சேர்ந்தவர். பிற்பாடு இந்தியாவின் முதல் பெண் இருதய நிபுணர் என்று பெயர் பெற்றவர். டில்லியில் நுரையீரல் கோளாறால் வலது இருதயம் பழுதுபட்டவர்களைப் பரிசீலித்து 1959-ல் அவர் எழுதினார். மேல்நாடுகளில் அது சிகரெட் பிடிக்கும் ஆண்களின் வியாதி. டில்லியிலோ சிகரெட்டைத் தொட்டறியாத ஸ்திரீகளுக்கும் ஆண்களுக்குச் சமமாக, அதுவும் இள வயதிலேயே வந்திருந்தது. அடுப்புப் புகைதான் காரணம் என்று அவர் சந்தேகித்தார். விறகும் வரட்டியும் எரியும் சமையலறைகள் இன்னும் இருக்கத்தான் இருக்கின்றன. பத்மாவதி அம்மாள் 103 வயது வரை வாழ்ந்து 2020-ல் காலமானார்.

என் அக்காவுக்கு இவற்றில் எதுவும் இல்லை. காரணம் தெரியாமல் தமனிகளிலேயே தொடங்கும் வகை அவளுக்கு. இது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. கண்டுபிடிக்கச் சராசரியாக இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிடுகிறது என்று பல தேசங்களில் கணக்கெடுத்திருக்கிறார்கள். எங்கள் இரண்டு வருஷம் நாலு மாதம் ஒன்றும் அதிசயம் இல்லை என்று தெரிந்தபோது ஆறுதலாக இல்லை, கோபமாகத்தான் வந்தது.

மருந்துகள் இருக்கின்றன. தமனியைத் தளர்த்தும் இரண்டு மாத்திரைகளை அக்காவுக்குக் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று சில்டெனாஃபில். முற்றிலும் வேறு ஒரு காரணத்துக்காக உலகப் பிரசித்தி பெற்ற மாத்திரை அது. என்ன காரணம் என்று குடும்பப் பத்திரிகையில் எழுத வேண்டியதில்லை. மாதா மாதம் சீட்டை நீட்டி, "90 மாத்திரை" என்று நான் கேட்கும்போது மருந்துக் கடைப் பையன் என்னை ஒரு பார்வை பார்ப்பான். "அக்காவுக்கு" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். பார்வை இன்னும் மோசமாகிவிட்டது. இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

இந்த மருந்துகள் குழாயைத் திறக்கின்றன. இறுகிப்போன கயிற்றை அவிழ்ப்பதில்லை. உயிரணுக்களுக்கு வரும் 'பெருகு' என்ற உத்தரவையே மறிக்கும் ஸோட்டாடெர்செப்ட் என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்காவில் 2024 மார்ச்சில் அனுமதி கிடைத்திருக்கிறது. கொலாஜன் முடிச்சு விழாமல் தடுக்கும் மருந்துகளை எலிகளில் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் டாக்டர் இவற்றைப் பற்றிப் பேசும்போது குரலை உயர்த்துவதில்லை. "பார்க்கலாம்" என்பார்.

மருந்தைவிடக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. இரண்டாவது குழந்தைக்கு அக்கா ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். பிரசவ காலத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவே கூடிவிடும். விறைத்த குழாய்கள் அதற்கு இடம் கொடுக்காது, தாயின் உயிருக்கே ஆபத்து. டாக்டர் இதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, பரணில் இருந்த தொட்டிலைக் கீழே இறக்கி, எதிர் வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். யாரும் ஒன்றும் பேசவில்லை.

நேயர்களில் யாருக்காவது, முன்பு சுலபமாக ஏறிய படி இப்போது வாரக்கணக்காக மூச்சு வாங்க வைக்கிறதா? கணுக்கால் வீங்குகிறதா? ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறதா? சோகையாகவே இருக்கலாம், ஆஸ்துமாவாகவே இருக்கலாம். ஆனாலும் அதற்கு மருந்து சாப்பிட்டும் குறையாவிட்டால், "ஒரு எக்கோ எடுத்துப் பார்க்கலாமா, டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

எட்டாம் வகுப்பைத் தலைமை ஆசிரியை தரைத் தளத்துக்கு மாற்றிவிட்டார். பிள்ளைகளே பெஞ்சுகளைத் தூக்கி வந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அக்காவை ஆஸ்பத்திரி நடையில் ஆறு நிமிஷம் நடக்கவிட்டு, எத்தனை மீட்டர் நடக்கிறாள் என்று அளக்கிறார்கள். முதல் தடவை 290 மீட்டர். சென்ற மாதம் 400 என்று நர்ஸ் எழுதினாள்.

"இல்லை, 410. கடைசித் திருப்பத்தை விட்டுவிட்டாய்" என்று அக்கா சண்டை பிடித்தாள்.

நாடாவை எடுத்து வந்து மறுபடி அளந்தார்கள். அக்கா சொன்னதுதான் சரி.